சந்தூக்கில் உட்கார்ந்த சபூரா

இறந்தவரின் மய்யத்தை வைத்துப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போகக் கொண்டுவந்த சந்தூக்கில், உயிரோடு ஒருத்தி ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது, சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள அந்தத் தெருவில் அதற்கு முன்பு நடந்ததில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை. நடந்துவிடக் கூடாது என்று ஜமாத்தார் இப்போது சந்தூக்குக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்தவள் சபூரா. அத்தர்க்கடை மசூதுவின் மனைவி. அன்று மத்தியானத்திலிருந்து விதவை. உள்ளறையில் மசூது குளித்து முடித்து, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, முகம் மட்டும் திறந்து கிடந்தார். முற்றத்தில் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சாயங்கால அஸர் தொழுததும் அடக்கிவிட வேண்டும், நோன்பு திறக்க அவரவர் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மழைக்காலத்தில் வந்த ரமலான். வானமும் கறுத்துக்கொண்டு அவசரப்படுத்தியது.

"என் மாப்பிள்ளையக் கொன்னிருக்கு," என்றாள் சபூரா. "போலீசு வரணும். ஆஸ்பத்திரியில அறுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் இதுல மய்யத்தும் ஏறாது, நானும் எறங்க மாட்டேன்."

முற்றத்திலிருந்த அத்தனை ஆண்களும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கோபத்தில் அல்ல. கணவன் மூச்சு நின்ற நிமிஷத்திலிருந்து அவள் இத்தா என்கிற துக்கக் காலத்தில் இருக்கிறாள். அன்னிய ஆண் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாதென்றால், தொட்டுத் தூக்கி இறக்கிவிடுவது எப்படி? இந்தச் சட்டங்களையெல்லாம் அவளுக்குப் போட்டவர்கள் இவர்கள்தான். இன்றைக்கு அவளைச் சுற்றி அவையே கோட்டைச் சுவராக நின்றன. இது சபூராவுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினாள். ஆண்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று, சந்தூக்கின் பச்சைப் போர்வையையும் எடுத்துத் தலைவழியாகப் போட்டு மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசியது போர்வைதான்.

"வேற சந்தூக்கு எடுத்துட்டு வாங்கடே!" என்று யாரோ சொன்னார். அந்தப் பள்ளிக்கு இருப்பது ஒன்றுதான். அடுத்த ஜமாத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் பிறை பார்த்ததில் தகராறாகி, அவர்கள் ஒரு நாள் முன்னால் நோன்பு பிடித்தவர்கள். கேட்கப் போனவனிடம், "எங்க சந்தூக்கு ஒங்களைவிட ஒரு நாள் முன்னால போயிரும், பரவாயில்லையா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு வாய்த் தண்ணீர்.

சாவுச் செய்தியோடு வந்தவர் ஜமாத் செயலாளர் அலியார். மசூதுவின் இருபது வருஷச் சிநேகிதர். நோன்பு மாதத்தில் அலியாரின் மூக்குக்குத் தப்பியவர் கிடையாது. ஓடுகிற பஸ்ஸுக்குள் இருப்பவனை நடைபாதையில் நின்றே மோந்து, நோன்பாளியா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பழவங்காடியில் ஒரு லாட்டரித் தட்டிக்குப் பின்னால் நின்று பக்கீர்கண்ணு என்கிற தையற்காரர் பகலில் டீ குடித்தார். டீ தொண்டையில் இறங்குவதற்குள் அலியார் முன்னால் நின்றாராம். இறங்குவதா, திரும்புவதா என்று தெரியாமல் டீ கொஞ்ச நேரம் நடுவிலேயே நின்றதாகப் பக்கீர்கண்ணுவே சொல்லுவார். அவரை ஊர்விலக்கு செய்தார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. அவரும் யாருடைய மய்யத்துக்கும் தோள் கொடுக்கக் கூடாது. தீர்ப்புச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் அலியார். இன்னொருவர் மசூது.

அந்த அலியார் அன்று மத்தியானம் வாசலில் வந்து நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நோன்பு மயக்கம், சபூரா. கடையில மச்சு ஏணியிலேருந்து தலைகுப்புற விழுந்துட்டாரு. தற்செயலா அந்தப் பக்கம் போனேன். உசுரு இருந்துச்சு. தண்ணியக் கொண்டு வாய்ல வச்சேன். 'வேண்டாம் அலியாரே, நோன்பு முறிஞ்சிரும்'னு சொல்லி மொகத்தைத் திருப்பிட்டாரு. அதுதான் கடைசிப் பேச்சு."

கேட்டவர்களெல்லாம் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். பக்கத்து வீட்டு மூத்தவர் ஒருவர், மவுத்தானால் இப்படி ஆகவேண்டும் என்றார். இன்றைக்கே என்று மட்டும் சொல்லவில்லை. பக்கத்துக் கிளினிக் டாக்டரும் அலியார் சொன்னதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விழுந்ததால் மரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சபூரா அதுவரைக்கும் நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். 'நோன்பு முறிஞ்சிரும்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும், குழாயைத் திருகி மூடியது போல அழுகை நின்றது.

மசூது நோன்பு வைக்கவில்லை. நாலு வருஷமாக வைப்பதில்லை. சர்க்கரை வியாதி; வேளைக்கு ஊசி. பட்டினி கிடந்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னது. சீக்காளிக்கு நோன்பு கடமையில்லை என்பது மார்க்கத்தில் உள்ளதுதான். ஆனால் பக்கீர்கண்ணுவை விலக்கிய வாயால், 'நான் பகலில் சோறு தின்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? ஆகவே விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சபூரா அடுக்குச்சட்டியில் சோறும் கறியும் கட்டுவாள். மேலே அத்தர்க் குப்பிகளை அடுக்கிப் பையை மூடுவாள். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு மசூது கடை மச்சில் ஏறி உட்கார்ந்து, ஊதுபத்தி கொளுத்திவைத்துவிட்டுச் சாப்பிடுவார். அவர் கடையில் மத்தியானம் மட்டும் சந்தன வாசம் தூக்கலாக இருப்பதைப் பக்தி என்று ஊரில் எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணீரை அவர் மறுத்தாராம்! சர்க்கரைக்காரருடைய தாகம் என்னவென்று சபூராவுக்குத்தானே தெரியும். கரமனை ஆற்றை ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தாலும் குடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்கிற மனுஷன். அலியார் எதை மறைக்க இந்தப் பொய்யைச் சொல்கிறார்?

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அன்று விடியற்காலையில் மசூது சொன்னார்: "நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் எழும்பி நின்னு சொல்லப் போறேன், சபூரா. எனக்குச் சீக்கு, நான் நோன்பு வைக்கலன்னு. பக்கீர்கண்ணுகிட்ட எல்லாரும் கேக்க மன்னிப்பும் கேக்கப் போறேன். மனசு கெடந்து அறுக்குது."

"சொல்லுங்க," என்றாள் அவள். "சொன்னா வானம் இடிஞ்சா விழும்? விழுந்தாலும் ஜமாத் ஆபீசு மேலதான் விழும்."

சொல்லுங்க என்றவள் அவள். சொல்லப் போனவர் இதோ கிடக்கிறார். வாயைத் திறந்தால் புருஷனின் பெயர் கெடும். மூடிக்கொண்டால் அவர் நோன்பு வாயோடு போன மகானாக, வலியுல்லாவாக மண்ணுக்குள் போவார். சொல்ல நினைத்த சொல்லும் கூடவே போகும். கொன்றவன் சந்தூக்கின் முன்காலைத் தூக்குவான். மண் மூடிவிட்டால் பிறகு யாரும் தோண்டப் போவதில்லை. சந்தூக் முற்றத்தில் வந்து இறங்கியது. சபூரா அறையைவிட்டு எழுந்து வந்தாள். ஏறினாள்.

ஆண்களால் ஆகாது என்றதும் பெண்களை ஏவினார்கள். மசூதுவின் தங்கை மைமூன் முன்னால் வந்தாள். மைமூன் லேசான ஆளில்லை. ஒருமுறை சாலைச் சந்தில் சிக்கிக்கொண்ட ஆட்டோவை, உள்ளே ஆள் இருக்க, பின்பக்கமாகத் தூக்கித் திருப்பி வைத்தவள், டிரைவர் கூலி கேட்டதற்கு, "யாரு யாருக்குக் கொடுக்கணும்?" என்று கேட்டவள்.

"மைனி, எறங்கு. என் கூடப்பொறந்த காக்காவ நாறடிக்காத," என்று சொல்லிப் போர்வைக்குள் கையைவிட்டாள். போர்வைக்குள்ளிருந்து சபூரா அவள் காதில் ஏதோ சொன்னாள். மைமூன் கையை வெளியே எடுத்தாள். பிறகு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தூக்கின் கால்மாட்டில் தானும் ஏறி உட்கார்ந்தாள். மரம் ஒருதரம் முனகியது.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களில் ஒருவர் நம்பிக்கையோடு கேட்டார்: "தூக்கியாச்சா?"

"ஆச்சு," என்றாள் மைமூன். "இப்ப ரெண்டு பேரு."

சபூராவின் மகள் ஷம்லா கல்லூரியில் படிக்கிறவள். ஜன்னல் வழியே குனிந்து, "உம்மா, ஞான் போலீசில் விளிச்சு. இப்போ வரும்," என்றாள். உம்மாவிடம் தமிழ் பேசுகிற பிள்ளைதான். பதற்றம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்ளும்.

போலீஸ் என்றதும் அலியார் துண்டை வாயிலிருந்து எடுக்காமலே குரலை உயர்த்தினார். "கத்தீபே, கேட்டுக்கிட்டு நிக்கிறியளா? நோன்பு வாயோட மவுத்தான மய்யத்தை அறுக்கணுமாம்! மார்க்கத்துக்காக உசுர விட்ட ஷஹீது கணக்குல உள்ள மனுசன்!"

பள்ளியில் தொழுகை நடத்துகிற கத்தீபு குலசேகரத்துக்காரர். வயது குறைவு, தாடி அதைவிடக் குறைவு. ஆறு மாதமாகத்தான் இங்கே வேலை. அவர் சுவரிடம் கேட்டார்: "லாத்தா, என்னத்த வச்சுக் கொலைன்னு சொல்லுதிய?"

போர்வை ஒருதரம் அசைந்து நிமிர்ந்தது. பிறகு சொன்னது:

"என் மாப்பிள்ளை நோன்பு இல்ல."

காக்கை ஒன்று மதிலில் வந்து உட்கார இருந்தது, யோசித்துவிட்டு அப்படியே போய்விட்டது.

"சர்க்கரைச் சீக்கு. நாலு வருசமா மச்சுல இருந்து சோறு தின்னாரு. கட்டிக் கொடுத்தவ நான். இன்னைக்கும் கட்டிக் கொடுத்தேன். நாளைக்கு ஜும்மாவுல அவரே சொல்ல இருந்தாரு. அவரு வாய அடச்சாச்சு, அதனால நான் சொல்லுதேன். நோன்பு இல்லாத மனுசன், நோன்பு முறிஞ்சிரும்னு எப்படித் தண்ணிய வேண்டாம்பாரு? அலியாரு காக்கா சொல்லட்டும்."

வாசலில் நின்ற திரவியம் அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். மசூதுவின் அடுத்த கடை, இரும்புச் சாமான் வியாபாரம், நாஞ்சில் நாட்டுக்காரர். அவர் கண்ணீரோடு உள்ளறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "அட மனுசா! நோன்பாளிக்கு முன்னால திங்கப்பிடாதுன்னு நான் நாலு வருசமா கம்பிக் கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சில்லா தின்னேன்! சொல்லியிருந்தா சேந்தே தின்னிருப்பமே!"

"புருசன் மேல பழி போடுதா," என்றார் அலியார். "கேக்கவே கூசுது."

அப்போது உள்ளறை வாசலில் நின்ற மோதினார் அசன்கண்ணு தொண்டையைச் செருமினார். மய்யத்தைக் குளிப்பாட்டியவர் அவர். குளிப்பாட்டும்போது கண்டது வெளியே வரக் கூடாது என்பது முறை. நாற்பது வருஷத்தில் அவர் எத்தனையோ கண்டிருக்கிறார். எல்லாம் அவர் வயிற்றில்தான் கிடக்கிறது. அதனால்தான் வயிறு அப்படி இருக்கிறது என்பார்கள்.

"மய்யத்தோட கொறையச் சொல்லப்பிடாது," என்றார் தரையைப் பார்த்து. "ஆனா கொலைன்னு கேள்வி வந்தா? சொல்லலாமா கத்தீபே?"

"சொல்லணும்," என்றார் கத்தீபு. தன் குரல் அவ்வளவு சத்தமாக வருமென்று அவருக்கே தெரியாது.

"வாயத் தொடச்ச துணி ஊதாவாப் போச்சு. நாக்கும் ஊதா. எனக்கு அப்பமே திக்குன்னு இருந்துச்சு."

"வெசம்!" என்று பாய்ந்தார் அலியார். "கேட்டேளா எல்லாரும்? சோறு கட்டிக் கொடுத்தது யாரு? அவளே ஒத்துக்கிட்டா! வெசம் வச்சது அவதான்!"

கூட்டம் ஓஹோ என்றது. சுவரைப் பார்த்து நின்றவர்களில் பாதிப் பேர், விதியை மறந்து திரும்பிவிட்டார்கள். மைமூன்கூட மைனியின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

போர்வைக்குள் சபூராவுக்கு வியர்த்தது. ஆனால் எதற்காகக் காத்திருந்தாளோ அந்தச் சாட்சி, ஊதா நாக்கு, வந்துவிட்டது. பதினைந்து நாளாக மசூது, "கூட ரெண்டு கை வையி, மச்சுல பசி கூடுது," என்று சொல்லிச் சட்டியை நிறைத்து வாங்கிப் போனதும், கறி எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாருக்குன்னு சொன்னாரு... சொன்னேன்," என்று உளறியதும் அவள் மனதில் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நின்றன. தின்றவர் இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள், வந்ததிலிருந்து துண்டை வாயிலிருந்து எடுக்காத ஆள்.

"வெசந்தான்," என்றாள். "மேல்தட்டு நெறைய வச்சேன். எல்லா நாளும் வைக்கேன். சர்க்கரைக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னது. நாவல்பழம்."

நாவல்பழம் தின்ற நாக்கு எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டிய வயதில் அங்கே யாருமில்லை.

"பழம் ரெண்டு பேருக்கு உள்ளது. ரெண்டு பேருதான் தின்னாங்க. ஒருத்தரு நாக்க மோதினாரு பாத்தாச்சு. மத்தவரு நாக்கு இந்த முத்தத்துலதான் நிக்கிது. கத்தீபே, ஒவ்வொருத்தரா நாக்க நீட்டச் சொல்லுங்க. எல்லாரும் நோன்பாளிதானே? வெளுத்த நாக்குக்கு என்ன பயம்?"

கத்தீபு யோசிக்கவில்லை. முதலில் தானே நீட்டினார். வெளுத்து, வறண்டு, மாசற்ற நாக்கு. பிறகு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று அந்த முற்றத்தில் வெளிப்பட்ட உண்மைகளை வைத்து இன்னும் மூன்று ஊர்விலக்கு செய்திருக்கலாம். ஒருவர் நாக்கில் வெற்றிலைச் சிவப்பு. ராத்திரி போட்டது என்றார். ஒருவர் நாக்கில் தேங்காய்ப் பூ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ராத்திரியே என்றார். கத்தீபு எதையும் கண்டுகொள்ளவில்லை. திரவியம் அண்ணாச்சியும் உணர்ச்சிவசப்பட்டு நாக்கை நீட்டினார். நீங்க வேண்டாம் அண்ணாச்சி என்றார்கள்.

அலியாரின் முறை வந்தது.

"என்னையா? செயலாளரையா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"எல்லாரையுந்தான், காக்கா."

பதினோரு வருஷமாக அந்த ஜமாத்தில் மூடாத வாய் அன்று மூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனார். வாசலில் எஸ்.ஐ. ஸ்வப்னா நின்றாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கோட்டா சாரே?" என்று, போகிறவரை மறித்துக் கேட்டாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள். சந்தூக்கின்மேல் ஒரு பச்சைப் போர்வையும் ஒரு பெண்ணும். சுற்றிலும் நாக்கை உள்ளே இழுக்க மறந்து நிற்கும் ஆண்கள். அவளுடைய வேலையில் இது புதிது. "எந்தா இவிடே?" என்று விசாரித்தாள்.

ஷம்லா ஓடிவந்து சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மைமூன் சந்தூக்கிலிருந்து இறங்கி, வாசலோரம் நின்ற அலியாரின் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டாள். சீட்டைத் திறக்கச் சாவி வேண்டும் என்றார்கள். மைமூனுக்குத் தேவைப்படவில்லை. உள்ளே ஈரத் தொப்பிக்கு அடியில் சபூராவின் அடுக்குச்சட்டி இருந்தது. மேல்தட்டில் நாவல்கொட்டைகள்.

ஸ்வப்னா அதை அலியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அலியார் துண்டை எடுத்தார். வாயைத் திறந்தார். நாக்கு, கழுத்து நெரிபட்ட சேவலுடைய கொண்டையைப் போல இருந்தது.

"தள்ளுனது நாந்தான்," என்றார். "கொல்லத் தள்ளல. நாளைக்குச் சொல்லுவேன்னான். நீ ஒன்னப் பத்திச் சொல்லு, என்ன விட்டுருன்னேன். 'கூட யாரு இருந்தான்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன், அலியாரே'ன்னான். எனக்குச் சீக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குப் பசி. அவ்வளவுதான். இத நான் எப்படி வெளிய சொல்ல முடியும்? ஏணி மேல நின்னுக்கிட்டிருந்தான்."

"தண்ணீர்?" என்று கேட்டார் கத்தீபு.

அலியார் தலை குனிந்தார். "அவன் கேட்டான். நான் கொடுக்கல."

போர்வைக்குள் ஒரு சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் பாதியில் நின்ற அழுகை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாரும் சுவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள்.

அப்புறம் சபூரா சந்தூக்கிலிருந்து தானாக இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், தைத்தார்கள். மறுநாள் ஜும்மா முடிகிற நேரத்தில் மசூது வீட்டுக்கு வந்து சேர்ந்தார், எழுந்து நின்று பேசுவதாக இருந்த நேரத்துக்குச் சரியாக. பேசவேண்டியதையெல்லாம் அவருக்காக ஏற்கனவே பேசியாகிவிட்டது. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தார்கள்.

தூக்கப் போனபோது, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து சபூராவின் குரல் வந்தது. "முன்காலு பக்கீர்கண்ணு காக்கா தூக்கணும். மன்னிப்பு அவருகிட்டத்தான் பாக்கி கெடக்கு. அவரு தோளு தந்தாத்தான் மய்யத்து எறங்கும்."

"அவரு ஊர்வெலக்குல இருக்கவரு," என்றார் ஒருவர், பழக்க தோஷத்தில்.

"வெலக்குன ரெண்டு பேருல ஒருத்தரு ஜெயில்ல. மத்தவரு இந்தா கெடக்காரு. இனி யாரு வெலக்கு? சந்தூக்குல இன்னும் எடம் இருக்கு, நான் வந்து ஏறட்டுமா?"

கத்தீபே போய்ப் பக்கீர்கண்ணுவைக் கூட்டிவந்தார். மெலிந்த மனுஷர், கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. முற்றத்துக்கு வந்ததும், யாரும் கேட்காமலே நாக்கை நீட்டி நாலு பக்கமும் காட்டினார். வெளுத்திருந்தது.

"வெலக்குன நாளுலேருந்து ஒரு நோன்பு விடல," என்றார். "அல்லாவுக்காகன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒங்க மேல உள்ள கோவத்துல வச்சேன்."

அந்த நோன்புக்கு நன்மை உண்டா என்று ஒருவர் கத்தீபைக் கேட்டார். கிதாபில் பார்த்துச் சொல்கிறேன் என்றார் அவர். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பக்கீர்கண்ணு குனிந்து முன்காலுக்குத் தோள் கொடுத்தார். சந்தூக் எழுந்தது. அது வாசலைத் தாண்டும்போது திரை கொஞ்சம் விலகியது.

"காக்கா," என்றாள் சபூரா. "மெதுவா நடங்க. சாப்பிட்ட மனுசன், குலுக்கப்பிடாது."